நாடுகடத்தலா, கையளிப்பா?

"கொலைச் சந்தேகநபர் நாடுகடத்தப்பட்டார்." இந்தத் தலைப்பு மாதம் ஒருமுறையாவது நம் கைபேசிகளுக்கு வந்துவிடுகிறது. உள்ளே படித்தால், ஒரு நாடு முறைப்படி கேட்டிருக்கும், இன்னொரு நாட்டின் நீதிமன்றம் விசாரித்திருக்கும், பிறகு ஆளைக் கொடுத்திருப்பார்கள். அது நாடுகடத்தல் அல்ல, கையளிப்பு. விசா முடிந்தும் குவைத்தில் தங்கிவிட்ட ஏறாவூர்ப் பெண்ணை விமானம் ஏற்றி அனுப்புவதுதான் நாடுகடத்தல். வீட்டு வேலைக்குப் போய் வீசா சிக்கலில் மாட்டியவருக்கும் கொலைக் குற்றச்சாட்டில் தேடப்படுபவருக்கும் ஒரே சொல்லைப் போடுவது பிழை மட்டுமல்ல, அநியாயமும்கூட. காத்தான்குடியிலும் மருதமுனையிலும் மத்திய கிழக்கிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரையாவது அறியாத தெரு அரிது. "நாடுகடத்தப்பட்டவர்" என்றதும் ஊர் அவரைச் சந்தேகத்தோடு பார்க்கிறது என்றால், அதில் இந்தச் சொற்குழப்பத்துக்கும் பங்குண்டு.

வேர்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். கையளிப்புக்கான ஆங்கிலச் சொல்லான எக்ஸ்ட்ரடிஷன் லத்தீன் வழி வந்தது; 'எக்ஸ்' வெளியே, 'திராதித்தியோ' கையில் கொடுத்தல். நாடுகடத்தலுக்கான டிபோர்ட்டேஷன் என்பதில் இருப்பது 'போர்த்தாரே', சுமந்து செல்லல். முதற்சொல்லில் வாங்கும் கை ஒன்று இருக்கிறது. இரண்டாவதில் அது இல்லை, அப்புறப்படுத்துவது மட்டும்தான். நம் 'கடத்து' என்பது 'கட' என்ற வினையின் பிறவினை. எல்லையைக் கடக்கச் செய்தல். 1816இல் கண்டி அரசன் சிறீ விக்கிரமராஜசிங்கனை ஆங்கிலேயர் வேலூருக்கு அனுப்பினார்களே, அதுதான் இந்தச் சொல்லுக்கு முழுதாகப் பொருந்தும் நிகழ்ச்சி. அவனை யாரும் கேட்கவில்லை, வாங்கவுமில்லை. இங்கே இருக்கக்கூடாது என்று அகற்றினார்கள், அவ்வளவுதான்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே ஆளின் வழக்கில் தெளிவாகக் காணலாம். நெதர்லாந்துக் குடிமகன் யோரன் வான் டெர் ஸ்லூட். 2005 மே 30இல் அருபாத் தீவில் ஓர் அமெரிக்க மாணவி காணாமற்போன வழக்கின் முதன்மைச் சந்தேகநபர். அங்கே கைதாகி விடுவிக்கப்பட்டார், வழக்கு நீதிமன்றம் வரை போகவேயில்லை. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 2010 மே 30இல், பெருவின் தலைநகர் லீமாவில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். இவர் சிலிக்குத் தப்பினார். சிலி பிடித்து, சில நாட்களுக்குள் வெளியேற்றி, எல்லையில் பெருப் பொலிசாரிடம் விட்டது. 2012இல் பெரு நீதிமன்றம் 28 ஆண்டுச் சிறை விதித்தது. இதற்கிடையில் அமெரிக்காவிலும் ஒரு வழக்கு இருந்தது. காணாமற்போன மாணவியின் உடல் இருக்கும் இடத்தைக் காட்டுவதாகச் சொல்லி, தாயிடம் 250,000 டொலர் கேட்டு 25,000 டொலரை வாங்கிக்கொண்ட வழக்கு அது. அதற்காக 2023 யூனில் பெரு அவரை அலபாமாவுக்கு அனுப்பியது. ஒக்டோபரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 20 ஆண்டுகள் விதிக்கப்பட்டது, மறுபடி பெருவுக்கே கொண்டுபோகப்பட்டார்.

சிலி செய்ததற்கு நாடுகடத்தல் என்று பெயர். பெரு செய்தது தற்காலிகக் கையளிப்பு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதால் வாசகர் என்ன விளங்கிக்கொண்டார்? "கொலைகாரனப் பெரு நாடு கடத்திட்டுதாம், மறுகா ஆர் தண்டனை குடுக்கிற?" என்று கோபப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. சொல் அப்படித்தான் ஒலிக்கிறது. பெரு அவரைக் கைகழுவிவிட்டது, 28 ஆண்டும் போய்விட்டது என்றே அது சொல்கிறது. தற்காலிகமாகக் கையளித்தார்கள் என்று எழுதியிருந்தால், திரும்பி வருவார் என்பது சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கும்.

இன்னொரு கோபமும் எழுந்தது. அமெரிக்க நீதிமன்ற நடவடிக்கையின் பகுதியாகவே, மாணவியைக் கொன்றதை அவர் ஒப்புக்கொண்டார். பிறகு ஏன் கொலைக்குத் தண்டனை இல்லை? கொலை நடந்த இடம் அருபா, அமெரிக்க நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே. அத்தோடு, கையளிக்கப்பட்டவரை எந்தக் குற்றத்துக்காகக் கேட்டு வாங்கினார்களோ அந்தக் குற்றத்துக்காக மட்டுமே விசாரிக்கலாம் என்பது சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட விதி. வாங்கிய பிறகு புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் கொடுத்த நாட்டின் சம்மதம் வேண்டும். நாடுகடத்தலில் இந்தக் காப்பு எதுவும் கிடையாது. சொல்லை மாற்றிப் போட்டால் ஓர் ஆளின் சட்ட நிலையே மாறிப்போகிறது என்று சொல்வது இதனால்தான்.

சிலியும் எல்லையில் பெருப் பொலிசாரின் கையில்தானே கொடுத்தது, அதுவும் கையளிப்புத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019 மே மாதம் துபாயிலிருந்து பாதாள உலகக் குழுத் தலைவர் மாகந்துரே மதூஷ் கட்டுநாயக்கவில் இறக்கப்பட்டபோதும் இதுதான் நடந்தது. ஐக்கிய அரபு அமீரகம் நாடுகடத்தியது, இறங்கியவுடன் இலங்கைப் பொலிசார் கைதுசெய்தனர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் நாடுகடத்தலுக்குக் குடிவரவுச் சட்டம் போதும். இந்த ஆள் இங்கே தங்கத் தகுதியற்றவர் என்ற முடிவு ஒன்றே அதற்கு வேண்டியது. கையளிப்புக்கு நான்கு விடயங்கள் வேண்டும்: மற்ற நாட்டின் எழுத்துமூலக் கோரிக்கை, அதோடு பிடியாணையும் சான்றுகளும், இரண்டு நாட்டுச் சட்டத்திலும் அது குற்றமாக இருத்தல், நீதிமன்றத்தின் தீர்மானம். இலங்கையில் இதற்கென்றே 1977ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டாரை வெளியேற்றும் அதிகாரமோ 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தில் வருகிறது. சட்டமியற்றியவர்கள் இரண்டு சட்டமாக வைத்ததை மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லில் அடைப்பதற்கு என்ன உரிமை?

நாடுகடத்தல் என்ற சொல்லுக்கு எதிராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'கடத்தல்' என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கஞ்சா, மணல், மரம். அதைவிடக் கொடியது ஆட்கடத்தல். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரு தலைமுறைக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோன வெள்ளை வான் ஞாபகம் வரும். "நேற்றிரவு கடத்தப்பட்டார்" என்று சுருக்கித் தலைப்பிடும் ஊடகங்கள், நீதிமன்றக் கட்டளைப்படி நடந்த ஒன்றுக்குச் சட்டவிரோதச் செயலின் பெயரைச் சூட்டுகின்றன. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் இன்னும் தெருவில் நிற்கும் மண்ணில் இதை எழுதக் கை கூச வேண்டும்.

மாற்றாக முன்வைக்கப்படுபவற்றிலும் பிழைகள் உண்டு. 'குற்றவாளிகள் பரிமாற்றம்' என்று சிலர் எழுதுகிறார்கள். பரிமாற்றம் என்றால் இவர் ஒன்று கொடுக்க அவர் ஒன்று கொடுப்பது. கையளிப்பில் பதிலுக்கு யாரும் வருவதில்லை. அதோடு கைதிகள் பரிமாற்ற உடன்படிக்கை என்று வேறொன்று இருக்கிறது. தண்டனை பெற்றவர் மீதிச் சிறைக்காலத்தைச் சொந்த நாட்டில் கழிப்பதற்கானது. இதையும் அதையும் கலந்தால் மூன்றாவது குழப்பம். 'குற்றவாளி' என்பதோ அதைவிடப் பெரிய பிழை. நம் நீதிமன்றங்களில் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை சந்தேகநபர், அதன்பின் எதிரி, தீர்ப்புக்குப் பிறகே குற்றவாளி. கல்முனையில் வழக்கு நடந்த எவருக்கும் இந்தப் படிகள் தெரியும். கையளிக்கப்படுபவர் பெரும்பாலும் விசாரணைக்காகவே போகிறார். விசாரணைக்கு முன்னரே தீர்ப்பை எழுதும் பெயர் எதற்கு? 'நாடுகடத்தி ஒப்படைத்தல்' என்று இரண்டையும் ஒட்டுப்போடுவோரும் உண்டு. அது தெளிவு தராது, தலைப்பின் நீளத்தை மட்டும் கூட்டும்.

தமிழகத்தில் 'ஒப்படைப்பு' என்கிறார்கள். அதில் குறையில்லை, எழுதலாம். ஆனாலும் நமக்குக் 'கையளிப்பு' இருக்கும்போது வேறெங்கும் போகத் தேவையில்லை. கை, அளி, இரண்டும் பழந்தமிழ்ச் சொற்கள். இங்கே அது ஏட்டில் உறங்கவில்லை, நாளாந்தம் புழங்குகிறது. மாவட்டச் செயலகத்தில் மகஜர் கையளிக்கிறார்கள். படையினர் வசமிருந்த காணியை உரியவரிடம் கையளிக்கிறார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பிரேத பரிசோதனை முடிந்து சடலம் உறவினரிடம் கையளிக்கப்படுகிறது. அந்தக் கடைசி வழக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். திடீர் மரண விசாரணை அதிகாரியின் கட்டளை வேண்டும், உறவினர் அடையாளம் காட்ட வேண்டும், வாங்குபவர் கையெழுத்திட வேண்டும். கொடுப்பவர், வாங்குபவர், இடையில் அதிகாரமுள்ள ஒருவரின் கட்டளை. கையளிப்பு என்ற சொல்லுக்குள் நம் மக்கள் ஏற்கெனவே இந்த ஒழுங்கை வைத்துத்தான் பேசுகிறார்கள். மகஜருக்கும் கொலைச் சந்தேகநபருக்கும் ஒரே வினையா என்பது வலுவான மறுப்பல்ல. எதைக் கையளித்தார்கள் என்பதை முன்னால் வரும் பெயர் காட்டிவிடும். கையளிப்புக் கோரிக்கை, கையளிப்பு உடன்படிக்கை, கையளிப்பு மறுப்பு என்று தேவைப்பட்டதெல்லாம் இதிலிருந்தே தடையின்றிக் கிளைக்கின்றன. நாடுகடத்தல் மறுப்பு என்று எழுதிப் பாருங்கள்: யார் எதை மறுத்தார் என்று இருமுறை யோசிக்க வேண்டும்.

மறுப்பும் அடிக்கடி நடப்பதுதான். பிரான்ஸ் தன் குடிமக்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளுக்குப் பொதுவாகக் கையளிப்பதில்லை. மரண தண்டனையை ஒழித்த நாடுகள், அந்தத் தண்டனை நிறைவேற்றப்படாது என்ற உறுதிமொழி கிடைத்தாலன்றிப் பொதுவாகக் கொடுப்பதில்லை. "அங்க அனுப்பித் தூக்கில போடுங்க" என்று எழுதுவோர் இதை அறிந்திருப்பது நல்லது. இலங்கையிலேயே 1976க்குப் பிறகு தூக்கு நிறைவேறவில்லை. பிரெஞ்சுக் குடிமகனான தொடர் கொலையாளி சார்ள்ஸ் சோப்ராஜைத் தாய்லாந்து கொலை வழக்குகளுக்காகத் தேடியது, அவர் டெல்லிச் சிறையில் இருந்தார், கையளிப்பு கடைசிவரை நடக்கவில்லை. 2022 டிசம்பரில் நேபாள உயர் நீதிமன்றம் முதுமையைக் காரணமாகக் கொண்டு விடுதலை செய்ததும், நேபாளம் அவரைப் பிரான்சுக்கு அனுப்பியது. அது நாடுகடத்தல். இதே மனிதரைப் பற்றிய தமிழ்ச் செய்திகளில் தாய்லாந்து கேட்டதும் நாடுகடத்தல், நேபாளம் செய்ததும் நாடுகடத்தல் என்று வந்தால், வாசகர் எதைப் பிரித்தறிவார்?

இந்த வகைச் செய்திகளில் இன்னும் இரண்டைத் திருத்தியாக வேண்டும். சர்வதேச பொலிஸ் அமைப்பான இன்டர்போலின் சிவப்பு அறிவித்தலைச் 'சர்வதேச பிடியாணை' என்கிறார்கள். அது பிடியாணை அல்ல. இன்னாரைக் கண்டால் தற்காலிகமாகத் தடுத்துவையுங்கள் என்று உறுப்பு நாடுகளிடம் வைக்கும் வேண்டுகோள். அதை ஏற்றுக் கைதுசெய்வதா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் முடிவுசெய்யும். 'இன்டர்போல் கைதுசெய்தது' என்பதும் தவறு, அந்த அமைப்பின் அதிகாரிகளுக்குக் கைதுசெய்யும் அதிகாரம் இல்லை. கைதுசெய்தது நேபாளப் பொலிஸ் என்றால் நேபாளப் பொலிஸ் என்றே எழுதுங்கள். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கி அனுப்பும் முன், கேட்ட நாடு எது, தீர்மானித்த நீதிமன்றம் எது என்று மூலத்தில் தேடுங்கள். இரண்டும் கிடைத்தால் கையளிப்பு. கிடைக்காமல் குடிவரவு அதிகாரியின் பெயர் மட்டும் வந்தால் நாடுகடத்தல்.