ரூட்டிங் டேபிள் பேக்கப்: காப்பு வழியட்டவணை

எந்த முகவரிக்குப் போகும் தரவை எந்த வாயிலிடம் (வேறொரு வலையமைப்புக்குள் நுழையவிடும் ‘கேட்வே’) ஒப்படைக்க வேண்டும் என்று ரூட்டர் வைத்திருக்கும் பட்டியல்தான் ரூட்டிங் டேபிள். அதை ஒரு கோப்பில் எடுத்து வைத்தால் பேக்கப்.

‘ரூட்’ பிரெஞ்சு வழியாக வந்த சொல். மூலம் லத்தீனின் ‘வியா ருப்தா’, அதாவது உடைத்துப் போட்ட பாதை. ‘டேபிள்’ பலகையைக் குறிக்கும் ‘தபுலா’விலிருந்து வந்தது. தமிழில் ரூட்டருக்குத் திசைவி என்ற சொல் ஓரளவு நிலைத்துவிட்டது. ரூட்டிங்குக்கு எனக்குப் பிடித்தது ஆற்றுப்படுத்தல். ஆறு என்றால் வழி. பரிசு பெற்ற பாணன் எதிரே வரும் பாணனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. ரூட்டரும் அதைத்தானே செய்கிறது! ஆனால் இன்று அச்சொல் உளவள ஆலோசனையைக் குறிக்கிறது, குழப்பம் வரும். அதனால் வழியட்டவணை போதும்.

ஹாம் ரேடியோக்காரர்களுக்கு, அதாவது பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்ளும் உரிமம் பெற்றவர்களுக்கு, இது ஏன் முக்கியம்? அவர்களுக்கென 44 என்று தொடங்கும் இணைய முகவரித் தொகுதி 1981இல் ஒதுக்கப்பட்டது. அங்கங்கே சிதறிக் கிடக்கும் நிலையங்கள், ஒரு தரவுப் பொட்டலத்துக்குள் (‘பாக்கெட்’) இன்னொன்றை வைத்து, பொது இணையத்தின் ஊடாகச் சுரங்கம்போல இணைந்துகொள்கின்றன. யாருடைய வாயில் எந்த முகவரியில் இருக்கிறது என்பதை மைய வாயில் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை ரூட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் ‘ரிப்’ நெறிமுறையில் அறிவிக்கும். ரூட்டரின் நினைவகத்தில் இருக்கும் அட்டவணையோ, மின்சாரம் போனால் போச்சு. மறுபடி இயக்கியதும் அடுத்த அறிவிப்பு வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மைய வாயிலும் படுத்துவிட்டால், மற்ற வாயில்கள் நன்றாக இயங்கினாலும் அவற்றை அடைய வழி தெரியாது. அதனால்தான் கடைசியாக வந்த வழிகளை ‘என்கேப்’ என்ற வழிப்பட்டியல் கோப்பில் சேமித்து, தொடங்கும்போதே ஏற்றிக்கொள்கிறார்கள்.

இங்கே ‘பேக்கப் ரூட்’ என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஒரு பாதை அடைபட்டால் பயன்படும் வேறு பாதை. அதற்கு மாற்று வழி என்பதே சரி. நாம் பேசுவது அட்டவணையின் நகல், ஆகவே காப்பு வழியட்டவணை. ‘காப்பு’ என்றால் வளையலும் ஆகும்தான், இடம் பார்த்துப் பொருள் கொள்ளலாம்.

நகல் பழசானால் வழி தவறும். வீட்டு இணைப்பில் இயங்கும் வாயில்களின் பொது முகவரி மாறக்கூடும். பழைய கோப்பை நம்பினால் பொட்டலம் யாரோ ஒருவரிடம் போய்ச் சேரும். 2019இல் 44.192 முதல் உள்ள கால் பங்கு முகவரிகள் அமேசானுக்கு விற்கப்பட்டன. அதற்கு முந்தைய நகலில் 44 முழுவதையும் சுரங்கத்துக்குள் தள்ளும் வரி இருந்தால், அந்த முகவரிகளில் உள்ள சாதாரண இணையதளங்கள் திறக்காது. சேமித்த கோப்பின் தேதியைப் பார்த்துவிட்டு ஏற்றுவதும், புது அறிவிப்பு வந்ததும் அதை மேலெழுதுவதும் அதற்காகத்தான்.