கடிக்கிற குட்டி எத்தனை மணி நேரம் தூங்குகிறது?

போன மே மாதம், கோடை மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் செருப்புப் பெட்டியில் லேப்ரடார் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. வயது ஒன்பது வாரம். கூடவே ஐந்தாம் வகுப்புப் பையன். அவன் இரண்டு கையிலும் மணிக்கட்டு முதல் முழங்கை வரை சிவப்புக் கீறல்கள், முள்வேலிக்குள் புகுந்து வந்தவன் மாதிரி.

“டாக்டரே, இது சரியான ரௌடி. பிள்ளைய கடிச்சுக் குதறுது. கொடுத்தவங்ககிட்டயே திருப்பிக் கொடுத்திரலாமா?” என்றார் அம்மா. பாட்டிக்கு வேறு கவலை. “வெறிப்பட்டியா இருக்குமோ மக்களே?” எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் நாயைப் பட்டி என்றுதான் பலரும் சொல்வார்கள்.

குட்டியை மேசையில் விட்டு வாய், காது, வயிறு எல்லாம் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது என் கையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டது. ஊசி மணமும் பூனைச் சத்தமும் நிறைந்த ஓர் அறையில், முன்பின் தெரியாத ஆள் கையில் ஒரு குட்டி அப்படித் தூங்குகிறது என்றால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். “வீட்டில் எத்தனை மணி நேரம் தூங்கும்?” என்று கேட்டேன். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கவனித்ததில்லை.

விசாரித்தால் விஷயம் இதுதான். பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பா வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருக்கிறார். வீடு நிறைய சொந்தக்காரர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காலையிலேயே ஆஜர். கண்ணை மூடினால் எடுத்துக் கொஞ்சுவது, திறந்தால் ஓடவிட்டு விளையாடுவது. இரண்டு மாதக் குட்டிக்கு நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும், சிலவற்றுக்கு இருபது. இந்தக் குட்டிக்கு அதில் பாதி கிடைத்திருந்தாலே அதிசயம்.

கோட்டார் சவேரியார் கோவில் திருவிழாவுக்குச் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு இது புரியும். இரவு பத்து மணிக்கு மேல் பிள்ளை தூங்காது. சிணுங்கும், அடிக்கும், பலூன் கேட்டு மண்ணில் உருளும். யாரும் அதை ரௌடி என்று சொல்வதில்லை, தூக்கம் தவறிவிட்டது என்பார்கள். குட்டிக்கும் அதேதான். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீடு முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடி, காலையும் நைட்டி ஓரத்தையும் கவ்வி இழுக்கிற குட்டிகளில் பெரும்பாலானவை தூக்கமில்லாமல் களைத்துப்போனவை. அதைப் பார்த்துவிட்டு, “சக்தி அதிகம், இன்னும் கொஞ்சம் ஓடவிடுவோம்” என்று நினைக்கிறோம். அப்புறம் கடி இன்னும் கூடுகிறது.

அவர்களுக்கு மருந்துச் சீட்டில் ஒரே வரி எழுதினேன்: ஒரு மணி நேரம் விழிப்பு, இரண்டு மணி நேரம் தூக்கம். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் ஒரு பெட்டி, பழைய சாரம் (லுங்கி) ஒன்று விரித்து. குட்டி அதற்குள் இருக்கும்போது யாரும் தொடக்கூடாது. ஒரு வாரம் கழித்து அம்மா போன் செய்தார். பாதிக் கடி நின்றுவிட்டதாம்.

மீதிப் பாதிக்குத்தான் பயிற்சி.

குட்டிக்குக் கை கிடையாது, வாய்தான் கை. எதையும் கவ்வித்தான் பார்க்கும். இருபத்தெட்டுப் பால்பற்களும் குண்டூசி முனை போல இருக்கும். எவ்வளவு அழுத்தினால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கூடப்பிறந்தவைகளிடம்தான் கற்றுக்கொள்கிறது. அழுத்திக் கடித்தால் கடிபட்டது கீச்சிட்டு விலகிவிடும், ஆட்டம் நின்றுபோகும். தாயிடம் அழுத்தினால் அது உறுமும், எழுந்து போய்விடும். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை இந்தப் பாடம் மும்முரமாக நடக்கும். நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்கின்றன. ஆனால் எங்கள் பக்கம் முப்பது நாளில், முப்பத்தைந்து நாளில் கைமாறிய குட்டிகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். “சின்னதுலயே வாங்கினாத்தான் நம்மகிட்ட ஒட்டும்” என்று ஒரு நம்பிக்கை. ஒட்டத்தான் செய்யும், பல்லோடு சேர்த்து. அப்படி வந்த குட்டிக்கு, உடன்பிறந்தவை சொல்லித்தர வேண்டியதை நாம்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

சொல்லித்தருவது எப்படி? பல் தோலில் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் அது ஓடுகிற இரை, குட்டி துரத்தும். தோலும் கிழியும். கையை அப்படியே தளரவிடுங்கள். பிடி விட்டதும் எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்த இடத்தை விட்டுப் போய்விடுங்கள். பேச்சும் வேண்டாம், முறைப்பும் வேண்டாம். அரை நிமிடம் போதும். திரும்பி வந்து பழையபடி விளையாடுங்கள். மறுபடி கடித்தால் மறுபடி எழுந்து போங்கள். ஒரு நாளில் இருபது தடவைகூட ஆகலாம். “ஆ” என்று கத்தச் சொல்வார்கள் சிலர். சில குட்டிகள் அதற்கு அடங்கும், சில இன்னும் குஷியாகிவிடும். உங்கள் குட்டி எந்த ரகம் என்று இரண்டு தடவையிலேயே தெரிந்துவிடும்.

இதில் தோற்கிற வீடுகள் எல்லாம் ஒரே காரணத்தால்தான் தோற்கின்றன. அம்மா எழுந்து போவார், மகன் எழுந்து போவான், சித்தப்பா மட்டும் கையை ஆட்டி ஆட்டிக் கடிக்க விடுவார். சாரத்தின் நுனியைக் காட்டி “புடிலே, புடிலே” என்று உசுப்பேற்றுவார். காவலுக்கு நல்லதாம். ஆறு கிலோவில் வேடிக்கையாக இருப்பது முப்பது கிலோவில் வேடிக்கையாக இருக்காது. துணியை இழுத்துப் பழகிய நாய்க்குத் திருடன் சாரமும் தெரியாது, தபால்காரர் பேண்ட்டும் தெரியாது.

அடி பற்றியும் சொல்ல வேண்டும். மூக்கில் சுண்டுவது, வாயை இறுக்கிப் பிடிப்பது, மல்லாக்கப் போட்டு அமுக்குவது, கையில் மிளகாய்ப்பொடி தடவிக்கொள்வது என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். அந்த நேரத்துக்குக் குட்டி அடங்கும், உண்மைதான். ஆனால் முகத்துக்கு நேராகக் கை வந்தால் வலி வரும் என்பதையும் அது கற்றுக்கொள்ளும். என் இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு உண்டு. நான்கு வயது நாய் ஒன்றின் காதைப் பார்க்கக் கை நீட்டியபோது கிடைத்தது. குட்டியாக இருந்தபோது சுண்டிச் சுண்டி வளர்த்ததாக அதன் சொந்தக்காரரே பெருமையாகச் சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை.

கையைக் கடிக்காதே என்றால் வேறு எதைக் கடிக்க என்று குட்டி கேட்காது, நாம்தான் கொடுக்க வேண்டும். பழைய பருத்தித் துண்டை முடிச்சுப் போட்டு நனைத்துக் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுங்கள்; செலவில்லாத நல்ல பொம்மை அது. நூல் பிரியத் தொடங்கியதும் தூக்கிப் போட்டுவிடுங்கள். கைக்கு அடங்குகிற ரப்பர் பொம்மையாக இருந்தால், விழுங்க முடியாத அளவில் பார்த்து வாங்குங்கள். பழைய செருப்பு வேண்டாம். பழையது எது, நேற்று மார்த்தாண்டத்தில் வாங்கியது எது என்று குட்டிக்குத் தெரியாது.

நம் ஊருக்கே உரிய இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, தேங்காய்க் கதம்பை, அதாவது நார் மட்டை. கடிக்க மெத்தென்று இருக்கும், ஆனால் நார் வயிற்றில் பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்ளும். இன்னொன்று ஒட்டுப்பால். ரப்பர் மரத்தில் பால்வெட்டு நடக்கிற வீடுகளில் சிரட்டையிலும் வாளியிலும் கிடக்கிற காய்ந்த ரப்பர் துண்டைக் குட்டிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். குலசேகரம் பக்கத்திலிருந்து மூன்று நாள் வாந்தியோடு வந்த ஒரு குட்டியின் குடலிலிருந்து உள்ளங்கை அளவுக்கு எடுத்தோம். அது பிழைத்தது. எல்லாம் பிழைப்பதில்லை. வேகவைத்த கோழி எலும்பும் அதே கணக்குதான்: உடைந்தால் ஊசி முனை.

பிள்ளைகள் இருக்கிற வீட்டில் முதல் விதி, ஓடாதே. ஓடுகிற காலைத் துரத்துவது குட்டிக்குப் பிறவிக் குணம். குட்டி கவ்வ வந்தால் கையைக் கட்டிக்கொண்டு தென்னை மாதிரி நில் என்று சொல்லிக் கொடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் என்றால், அந்தப் பிள்ளையையும் குட்டியையும் ஒரே அறையில் தனியாக விடவே வேண்டாம்.

நாலாவது மாதத்தில் பால்பற்கள் விழத் தொடங்கும். ஆறேழு மாதத்துக்குள் நாற்பத்திரண்டு நிலையான பற்களும் வந்துவிடும். அந்தச் சமயம் கடி மறுபடி கூடும், பொம்மையில் ரத்தத்துளி தெரியும், பயப்பட வேண்டாம். கோரைப்பல் மட்டும் பழையதும் புதியதும் ஜோடியாக நின்றால் எங்களிடம் காட்டுங்கள்.

இனிப் பாட்டியின் கேள்வி. “பால்பல் குட்டி கடிச்சா விஷம் இல்ல” என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. வெறிநோய்க்கு வயது கிடையாது. நோயுள்ள தாயோ தெருநாயோ கடித்திருந்தால் இரண்டு மாதக் குட்டிக்கும் வரும். விளையாட்டுக் கடிதான் என்றாலும், தோலில் கீறல் விழுந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் 0 (முதல் ஊசி போடுகிற நாள்), 3, 7, 28 ஆகிய நாட்கள்; தசையில் என்றால் பதினாலாவது நாளும் உண்டு. ரத்தம் வந்த கடிக்குக் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். கடித்த குட்டியைப் பத்து நாள் கண்காணியுங்கள். “நம்ம வீட்டுக் குட்டிதானே” என்பது எந்த ஊசிக்கும் மாற்று அல்ல. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள், சொன்ன நாளில் அடுத்ததும்.

விளையாட்டு இல்லாத கடியும் உண்டு. விளையாடுகிற குட்டியின் உடம்பு ரப்பர் மாதிரி நெளியும், பின்புறம் தூக்கி முன்கால் தாழ்ந்திருக்கும், உறுமினாலும் வால் ஆடும். மாறாக, தட்டுக்குப் பக்கத்தில் போனால் உடம்பு விறைத்து, அசையாமல் நின்று, கடைக்கண்ணால் பார்த்து உறுமினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் கூட்டிவாருங்கள். நேற்று வரை சாதுவாக இருந்த குட்டி ஓர் இடத்தைத் தொட்டால் மட்டும் கடிக்கிறது என்றால் அங்கே வலி இருக்கும், பெரும்பாலும் காது. இன்னொன்று: குரல் மாறி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் தவிக்கிற நாயைக் கண்டு “எலும்பு சிக்கியிருக்கு” என்று வாய்க்குள் கை விட்டுவிடாதீர்கள். வெறிநோயும் அப்படித்தான் தெரியும்.

கருங்கல் குட்டி ஜூன் மாதம் தடுப்பூசிக்கு வந்தது. அன்று நல்ல கூட்டம். செருப்புப் பெட்டி போய், வாழைக்குலை கட்டுகிற பெரிய அட்டைப்பெட்டி வந்திருந்தது. பையன் கையில் புதுக் கீறல் இரண்டே இரண்டு. “நல்ல குட்டியாச்சே” என்று தொட வந்த ஒரு பெரியவரிடம் அவன் விரலை உதட்டில் வைத்துச் சொன்னான்: “தாத்தா, தொடாதீங்க. இப்பதான் தூங்கிச்சு.”