யூஎஸ்பி இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி

போன வாரம் மூன்று மாணவர்கள் ஓர் அட்டைப்பெட்டியோடு, அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் எங்கள் காலிபரேஷன் லேபுக்கு வந்தார்கள். கடைசி வருட புராஜெக்ட். வீட்டு கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை லேப்டாப் திரையில் காட்ட வேண்டுமாம். ஆன்லைனில் வாங்கிய, 12 பார் வரை அளக்கும் பிரஷர் சென்சார் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்), அதைப் படித்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும் ஒரு அர்டுயினோ யூனோ போர்டு, யூஎஸ்பி கேபிள் எல்லாம் பெட்டியில் இருந்தன. சிலிண்டர் வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் டீ ஜாயின்ட் ஒன்றை நுழைத்து, இடைவெளியை எப்பாக்சி பசையால் அடைத்து, அதில் சென்சாரை மாட்டி இரண்டு நாள் ஓட்டியிருக்கிறார்கள்.

"சார், ரீடிங் வருது. ஆனா மத்தியானம் ஏறுது, விடியக்காலைல இறங்குது. சென்சார் போயிடுச்சா?"

சென்சாரைக் கழற்றி, தெரிந்த அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் டெஸ்டரில் வைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அது அளக்க வேண்டியதைச் சரியாகவே அளந்திருக்கிறது. இந்த ஒரு வருடத்தில் இதே யோசனையோடு வந்த நான்காவது குழு இது. ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைக்கிறேன்.

சென்சார் வாங்க வருபவர்கள், மாணவர்களோ தொழிற்சாலைக்காரர்களோ, என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கம்ப்யூட்டர்ல கனெக்ட் ஆகுமா?" ஆகும். இன்றைக்கு எந்த சென்சாரையும் ஏதாவது ஒரு வழியில் கம்ப்யூட்டரோடு இணைத்துவிடலாம். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. என்ன கேஸ், எவ்வளவு அழுத்தம், குழாயில் எந்த இடம், அந்த அழுத்தத்தை வைத்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பவற்றுக்குப் பதில் தெரியாமல் வாங்கினால் திரையில் எண் ஓடும். அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

முதலில் இந்த சிலிண்டர் விஷயம். சமையல் கேஸ் சிலிண்டருக்குள் காற்றடைத்த டியூப் மாதிரி வெறும் வாயு இல்லை. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம் இருக்கிறது, அதன் மேல் அதே பொருளின் ஆவி இருக்கிறது. நீங்கள் அடுப்பைப் பற்றவைத்து ஆவியை எடுக்க எடுக்க, கீழே இருக்கும் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிவிடும். அதனால் அழுத்தத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: வெப்பநிலை, கலவையின் விகிதம். எவ்வளவு மிச்சம் என்பது அதில் வராது. 14 கிலோ இருந்தாலும் 2 கிலோ இருந்தாலும் அதே வெப்பநிலையில் ஏறக்குறைய அதே அழுத்தம்தான். 25 டிகிரியில் தனிப் புரொப்பேன் என்றால் சுமார் 9.5 பார், தனிப் பியூட்டேன் என்றால் சுமார் 2.4 பார், நம் சிலிண்டரில் இருப்பது இரண்டுக்கும் நடுவே எங்கோ. திரவம் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் அழுத்தம் சரசரவென இறங்கும். அதற்குள் உங்கள் அடுப்பே அணைந்திருக்கும், அதைச் சொல்ல லேப்டாப் தேவையில்லை.

மத்தியானம் ஏறியது சமையலறை வெயிலில் சூடானதால். விடியக்காலையில் இறங்கியது குளிர்ந்ததால். அவர்கள் வரைபடத்தில் சமைக்கும் நேரத்திலும் அழுத்தம் இறங்கி, அடுப்பை அணைத்ததும் திரும்ப ஏறியிருந்தது. திரவம் ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்கிறது, அணைத்த பிறகு அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு பழைய நிலைக்கு வருகிறது. அவர்கள் இரண்டு நாளாக அருமையான ஒரு தெர்மாமீட்டரைத்தான் ஓட்டியிருக்கிறார்கள்.

இதையே ஆக்சிஜன் சிலிண்டரில் செய்தால் பலிக்கும். அதற்குள் திரவம் கிடையாது, அழுத்தப்பட்ட வாயு மட்டுமே. 150 பார் நிரப்பியது 75 ஆனால் ஏறக்குறைய பாதி தீர்ந்தது. ஆனால் கார்பன் டைஆக்சைடு மறுபடி எல்பிஜி கதைதான். சாதாரண வெப்பநிலையில் அது சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும். கார்பன் டைஆக்சைடு தீயணைப்பானில் பிரஷர் கேஜ் இல்லாததைப் பார்த்திருப்பீர்கள். அதை எடை போட்டுத்தான் சோதிப்பார்கள்.

"அப்படின்னா ரெகுலேட்டருக்குப் பிறகு மாட்டலாமா சார்?" என்றான் ஒருவன். மாட்டினால் இன்னும் மோசம். வீட்டு ரெகுலேட்டரின் வேலையே அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருப்பது. வெளியே வருவது சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம், அதாவது கிட்டத்தட்ட 30 மில்லிபார். கையில் இருக்கும் சென்சார் 12 பார், அதாவது 12,000 மில்லிபார். அதன் துல்லியம் முழு அளவில் 1 சதவீதம் என்று போட்டிருக்கிறது. முழு அளவில் என்ற வார்த்தையை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், தயவுசெய்து நின்று படியுங்கள். 12,000-இல் 1 சதவீதம் 120 மில்லிபார். அளக்க வேண்டியது 30, பிழை 120.

இதிலும் கணக்கு முடியவில்லை. அந்த சென்சார் 0.5 முதல் 4.5 வோல்ட் வரை தருகிறது. யூனோ போர்டு 5 வோல்ட்டை 1,024 படியாகப் பிரித்துப் படிக்கிறது. ஒரு படிக்குக் கிட்டத்தட்ட 15 மில்லிபார். அதாவது ரெகுலேட்டரின் மொத்த அழுத்தமும் இரண்டே படி. ஆனால் அவர்கள் திரையில் மில்லிபாருக்குப் பிறகு மூன்று தசம இலக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இலக்கங்களைத் தந்தது சென்சார் இல்லை, புரோகிராமில் எழுதிய வகுத்தல் கணக்கு. திரையில் எத்தனை இலக்கம் தெரிகிறது என்பதை வைத்துத் துல்லியத்தை எடைபோடாதீர்கள்.

பெரிய ரேஞ்சாக வாங்கிவிட்டால் பாதுகாப்பு என்ற நினைப்பு தொழிற்சாலைகளிலும் இருக்கிறது. 7 பாரில் ஓடும் கம்ப்ரசருக்கு 100 பார் சென்சார் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். வழக்கமாக ஓடும் அழுத்தம் சென்சாரின் ரேஞ்சில் பாதிக்கு மேல், முக்கால் அளவுக்குள் வருமாறு பாருங்கள். 7 பாருக்கு 10 பார் போதும், வழக்கமாகவே 8, 9 ஓடும் என்றால் 16 எடுங்கள். அதற்கு மேல் எவ்வளவு தாங்கும் என்பது தரவுத்தாளில் தனியாக இருக்கும். பிஸ்டன் கம்ப்ரசர் என்றால் அழுத்தம் அடித்து அடித்து வரும். சென்சாருக்கு முன்னால் அந்த அடியைத் தணிக்கும் ஸ்னப்பர் ஒன்றைப் போடுங்கள், உள்ளே அழுத்தத்தை வாங்கும் மெல்லிய தகடான டயஃப்ரம் பிழைக்கும்.

அடுத்தது கேஜ் அழுத்தமா, அப்சல்யூட் அழுத்தமா. டயரில் பார்ப்பது கேஜ்: வெளிக்காற்றை பூஜ்ஜியமாக வைத்து அளப்பது. அப்சல்யூட் வெற்றிடத்தை பூஜ்ஜியமாக வைத்து அளக்கும். அதைத் திறந்து மேசையில் வைத்தாலே கடல்மட்டத்தில் சுமார் 1,013 மில்லிபார் காட்டும். "ஒண்ணுமே கனெக்ட் பண்ணல, 1 பார் காட்டுது" என்று அதைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. கோவையில் 960-ஐ ஒட்டிக் காட்டும் சென்சார் ஊட்டியில் 780-ஐ ஒட்டிக் காட்டும். இரண்டு இடத்திலும் அது சொல்வது உண்மைதான். வாயு விதிகளை வைத்துக் கணக்குப் போடும் பாய்ல் விதிப் பரிசோதனைக்கு அப்சல்யூட் வேண்டும். பைப்லைன், கம்ப்ரசர், ரெகுலேட்டர் என்றால் கேஜ். வானிலைக்காக வரும் பிஎம்பி280 போன்ற சிறு சிப்புகள் 300 முதல் 1,100 ஹெக்டோபாஸ்கல் (மில்லிபாரும் அதுவும் ஒன்றே) வரை மட்டுமே அளப்பவை. அதை டியூபுக்குள் வைத்து ஊதி 2 பார் எதிர்பார்க்காதீர்கள்.

இனி கேஸின் குணம். இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மலிவான சிலிக்கான் சென்சார்கள் பலவும் உலர்ந்த காற்றுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. அம்மோனியா லைனில் பித்தளை, செம்பு கூடாது, வெடிப்பு விடும். அசிட்டிலீன் லைனில் தனிச் செம்பு கூடவே கூடாது, உருவாகும் கூட்டுப்பொருள் தட்டினாலே வெடிக்கக்கூடியது. ஆக்சிஜன் லைனுக்கு எண்ணெய், கிரீஸ் படாமல் சுத்தம் செய்யப்பட்ட சென்சார் என்று கேட்டு வாங்குங்கள். உயர் அழுத்த ஆக்சிஜனில் எண்ணெய்ப் பிசுக்கு தானாகவே தீப்பிடிக்கும். எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒரு விஷயமும் இதில் உண்டு: உயர் அழுத்தக் காலிபரேஷனைப் பல லேபுகளில் எண்ணெயால் அழுத்தம் கொடுக்கும் டெஸ்டரில்தான் செய்கிறோம். சென்சாரைக் கொடுக்கும்போதே இது ஆக்சிஜனுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்து, வாங்கிப் போய் அப்படியே மாட்டாதீர்கள்.

மரையையும் பாருங்கள். பிஎஸ்பி, என்பிடி என்று குழாய் மரையில் இரண்டு தரநிலைகள் உண்டு. கால் இன்ச் பிஎஸ்பியும் கால் இன்ச் என்பிடியும் கையில் ஒன்று போலவே இருக்கும். ஒன்றில் இன்ச்சுக்கு 19 மரை, மற்றதில் 18. இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகும், டெஃப்லான் டேப்பைச் சுற்றி முறுக்கி ஏற்றிவிடுவார்கள். கேஸ் அந்த வழியாகத்தான் கசியும்.

சரி, இப்போது கம்ப்யூட்டர். மேசை மேல் செய்யும் லேப் பரிசோதனைக்கு நேரடி யூஎஸ்பி சென்சார் நல்லது. கேபிள் 5 மீட்டருக்குள் இருக்கட்டும். அது தரும் தரவை நீங்களே படிக்கும்படி தரவு வடிவத்தின் விளக்கம் தருகிறார்களா, அல்லது அவர்களுடைய மென்பொருளில் மட்டும்தான் ஓடுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். தொழிற்சாலை என்றால், அழுத்தத்தை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர். பூஜ்ஜிய அழுத்தத்துக்கே 4 மில்லி ஆம்பியர் வருவதால், 0 வந்தால் வயர் அறுந்தது என்று உடனே தெரியும். 250 ஓம் ரெசிஸ்டர் போட்டால் அது 1 முதல் 5 வோல்ட்டாக மாறும். நிறைய சென்சார், நீண்ட தூரம் என்றால், பல சென்சார்கள் ஒரே வயரில் தரவு அனுப்பும் ஆர்எஸ்-485 மோட்பஸ் முறை. ஒரு ஜோடி வயரில் 1,200 மீட்டர் வரை போகலாம், கடைசியில் ஒரு யூஎஸ்பி கன்வர்ட்டர் போதும். அதை ஐசொலேஷன், அதாவது இரு பக்க மின்சுற்றையும் பிரித்து வைக்கும் அமைப்பு, உள்ளதாக வாங்குங்கள். லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ரீடிங் ஆடுகிறது என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதில் தீர்ந்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அந்த மாணவர்கள் சிலிண்டர் பக்கத்தில், தரையில், சார்ஜரோடு லேப்டாப்பை வைத்து இரவு முழுக்க ஓட்டியிருக்கிறார்கள். அது ஒருவனுடைய வீட்டுச் சமையலறை. காலையில் எழுந்து முதலில் அங்கே விளக்கு ஸ்விட்சைப் போடுவது அவனுடைய அம்மா. தீப்பற்றக்கூடிய கேஸ் இருக்கும் இடத்தில் தீப்பொறி எழுப்பாத வகைச் சான்றிதழ் உள்ள டிரான்ஸ்மிட்டரும், வயரில் போகும் மின்சக்தியைக் கட்டுப்படுத்த, பாதுகாப்பான பகுதியில் வைக்கும் பேரியரும் வேண்டும். அது மாணவர்கள் தாங்களே வயர் சுற்றிச் செய்யும் வேலை இல்லை. புராஜெக்டுக்குக் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள், சைக்கிள் பம்ப் போதும். சிலிண்டர் வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் எதையும் நுழைக்காதீர்கள் தம்பிகளே, கெஞ்சிக் கேட்கிறேன். கேஸ் வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

அந்த மூவருக்கும் புராஜெக்டை மாற்றச் சொல்லவில்லை, சென்சாரைத்தான் மாற்றச் சொன்னேன். சிலிண்டருக்கு அடியில் 50 கிலோ தாங்கும் ஒரு லோட் செல் (எடையை மின் சிக்னலாக மாற்றும் சென்சார்) மேடை. காலி எடை ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்துப் பட்டையிலும் எழுதியிருக்கும். மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் இருக்கும் கேஸ் கிலோவில் வந்துவிடும், நிரம்பியிருந்தால் 14.2. டீ ஜாயின்ட்டை நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.