எதிரில் ஆடுபவர் யார்?

செவித்திறன் குறைந்த முதியவர்கள் தொலைபேசியைத் தவிர்க்கத் தொடங்குவதை என் மருத்துவப் பணியில் அடிக்கடி காண்கிறேன். மறுமுனையில் சொல்வது பாதிதான் விளங்குகிறது. திரும்பக் கேட்கக் கூச்சம். நலம் விசாரிப்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இத்தகையோருக்குக் கைப்பேசியில் இருவர் மாறி மாறி ஆடும் சதுரங்கமோ சொல் விளையாட்டோ, காதை நம்பாமலேயே உறவைத் தொடர வழி தருகிறது. அதற்காகச் செவிப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது என்பது வேறு செய்தி.

என்னிடம் சிகிச்சை பெறும் எண்பது வயதைக் கடந்த ஒருவருக்கு அவர் மகன் முதலில் அமைத்துக் கொடுத்தது, முகமறியாதவர்களுடன் ஆடும் ஐந்து நிமிடச் சதுரங்கம். கடிகாரம் ஓட ஓட விரல் நடுங்கி, வைக்க நினைத்த கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் ராணி போய் நின்றது. மூன்றாம் நாளே கைப்பேசியை மூடி வைத்துவிட்டார். பிழை அவருடையதன்று. விளம்பரமும் கட்டணமும் இல்லாத லிசெஸ் தளத்தில், ஒரு நகர்த்தலுக்கு 1 முதல் 14 நாள்வரை அவகாசம் தரும் ஆட்டம் உண்டு. ஒவ்வொரு நகர்த்தலையும் உறுதிசெய்த பின்னரே ஏற்கும் வசதியும் உண்டு. அவ்விரண்டையும் அமைத்து, எதிரில் அவருடைய பேரனை உட்கார வைத்தோம். இப்போது காலையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேரன் இரவில் குதிரையை எங்கே நிறுத்தியிருக்கிறான் என்று பார்ப்பதே அவருடைய முதல் வேலை. ஒருநாள் நண்பகலாகியும் தாத்தாவின் காய் நகராததைக் கண்ட பேரன் பக்கத்து வீட்டாரை அழைத்தபோதுதான், அவர் காய்ச்சலில் படுத்திருப்பது தெரியவந்தது.

விளையாட்டு மறதிநோயைத் தடுக்கும் என்று நான் சொல்வதில்லை. அப்படிப்பட்ட மிகை விளம்பரத்துக்காகவே, மூளைப் பயிற்சி விளையாட்டுகளை வழங்கும் லுமோசிட்டி நிறுவனம் 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. அதேவேளை, லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, மாற்றத்தக்க 14 மறதிநோய்க் காரணிகளில் செவித்திறன் குறைவும் சமூகத் தனிமையும் உள்ளன. ஆகவே புள்ளிகளை விட, எதிரில் ஆடுபவர் யார் என்பதையே நான் பார்க்கிறேன். அறியாதவர்களின் அரட்டைப் பெட்டியை அணைத்துவிடுவதும், பணம் கேட்கும் எவருக்கும் பதில் எழுத வேண்டாம் என்று சொல்லிவைப்பதும் முதல் நாளே செய்ய வேண்டியவை.

பெரும்பாலும் சலித்து விலகுவது முதியவர் அல்லர், இளையவரே. எனவே செயலியின் பெயரை எழுதித் தருமுன், எதிரில் ஆட ஒப்புக்கொண்டவரிடம் ஒருமுறை பேசிவிடுகிறேன். தேர்வு நாட்களில் அவருக்குப் பதிலாக ஆட இன்னொருவரையும் கேட்டு வைத்துக்கொள்கிறேன்.