சரளைக் குழி எப்படி ஏரியாகிறது? இங்கிலாந்தின் அனுமதி விதிகள்

ட்ரென்ட், தேம்ஸ், கிரேட் ஊஸ் ஆறுகளை வரைபடத்தில் பார்த்தால் கரையோரம் கொத்துக் கொத்தாகக் குளங்கள் தெரியும். அவற்றில் பல, கான்கிரீட்டுக்குச் சரளையும் மணலும் அள்ளிய குழிகள். ஆறு கொண்டுவந்து போட்ட சரளை என்பதால் அங்கே நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். வேலை நடக்கும்வரை பம்பு வைத்து இறைப்பார்கள். நிறுத்தினால் குழி நிரம்பிவிடும். தண்ணீர் தானாக வந்துவிடும், சரி. ஆழமில்லாத கரை, நாணல், தீவு இதெல்லாம் தானாக வராது. அதற்காகத்தான் விதிகள்.

சரளை அள்ள அனுமதி தருவது உள்ளாட்சி மன்றமான கவுன்சில், பெரும்பாலும் மாவட்ட அளவிலான கவுண்டி கவுன்சில். 1990-ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தில் உள்ள 5-ஆம் அட்டவணைப்படி அது இரண்டு நிபந்தனைகள் போடலாம். முதலாவது சீரமைப்பு: எடுத்து வைத்த மேல்மண்ணையும் அடிமண்ணையும் திருப்பிப் போட்டு நிலத்தை ஒழுங்குபடுத்த வேண்டும். இரண்டாவது பின்பராமரிப்பு: நடவு, வடிகால், களை எடுப்பு போன்ற வேலைகளை வழக்கமாக 5 ஆண்டுகள் செய்ய வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைக்கு வழி செய்தது 1981-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன் தோண்டிய பல குழிகளின் கதி, உரிமையாளரின் மனசையும் உள்ளூர் ஆர்வலர்களின் உழைப்பையும் பொறுத்தது. கென்ட் பகுதியின் செவனோக்ஸில் 1950-களிலேயே ஒரு குழியை நீர்ப்பறவைக் காப்பகமாக்கத் தொடங்கினார்கள் என்றால், அது அப்படிப்பட்ட உழைப்புதான். பழைய அனுமதிகளை மறுபரிசீலனை செய்து புது நிபந்தனை சேர்க்கும் முறை 1995-இல் வந்தது.

நிபந்தனைகள் எவ்வளவு நுணுக்கமாக இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். ஈர மண்ணை இயந்திரத்தால் அள்ளினால் அது இறுகிக் கெட்டுப்போகும். அதனால் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கச் சொல்வது உண்டு. 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு உடையாமல் திரி போல உருண்டால் ஈரம் அதிகம், அன்றைக்கு மண்ணைத் தொடக்கூடாது. மேல்மண்ணைத் தனியாக, அதிக உயரமில்லாமல் குவிக்க வேண்டும் என்றும் எழுதியிருப்பார்கள்.

கரையின் சரிவு அதைவிட முக்கியம். செங்குத்தாக வெட்டி விட்ட குழி மீன் பிடிக்கவும் படகு விடவும் போதும். நடந்து இரை தேடும் பறவைக்கு ஆகாது. இயந்திரங்கள் களத்தில் இருக்கும்போதே கழிவுக் களிமண்ணைக் கொண்டு மெல்லச் சரியும் கரையும் தீவுகளும் அமைத்துவிட வேண்டும். பிறகு செய்யப் போனால் செலவு பல மடங்கு. நாணல் நட்ட இடத்தைச் சுற்றி வலையும் கட்டுவார்கள், இல்லாவிட்டால் வாத்தும் நாமக்கோழியும் இளங்குருத்தை மேய்ந்துவிடும். கேம்பிரிட்ஜ்ஷயரின் நீடிங்வொர்த் குவாரியில் இது பெரிய அளவில் நடக்கிறது: தோண்டி முடித்த பகுதிகள் ஒவ்வொன்றாகப் பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி.யிடம் போய்ச் சேருகின்றன. மொத்தத் திட்டம் சுமார் 700 ஹெக்டேர். நாணலுக்குள் ஒளிந்து வாழும் பிட்டர்ன் கொக்கு அங்கே வந்துவிட்டது.

விமான நிலையம் அருகில் இருந்தால் கணக்கு மாறும். சுமார் 13 கிலோமீட்டருக்குள் பெரிய நீர்நிலை வந்தால் பறவைகள் விமானத்தில் மோதும் ஆபத்தைக் கட்டாயம் பார்ப்பார்கள். ஏரியின் வடிவத்தையே மாற்றச் சொல்லலாம்.

என் பார்வையில் பலவீனமான இடம் அந்த 5 ஆண்டுதான். வெற்றுச் சரளையில் முட்டையிடும் பட்டாணி உப்புக்கொத்திக்குத் திறந்த தரை வேண்டும். கவனிக்காவிட்டால் சில வருஷங்களிலேயே வில்லோ மரக்கன்றுகள் மூடிவிடும். அப்புறம் யார் வெட்டுவது? நிறுவனமும் கவுன்சிலும் தனி ஒப்பந்தம் போட்டு காலத்தை நீட்டலாம், ஆனால் சட்டப்படி கட்டாயமில்லை. நிறுவனம் திவாலானால் என்ன ஆகும் என்ற பயத்துக்கும் முழுப் பதில் இல்லை: முன்பணம் அல்லது உத்தரவாதம் கேட்பதை விதிவிலக்கான நிலைமைகளுக்கு மட்டும் என்று தேசியத் திட்டக் கொள்கை சுருக்கி வைத்திருக்கிறது.

2024 பிப்ரவரி 12 முதல் கொஞ்சம் மாற்றம். பெரிய வளர்ச்சித் திட்டங்களுக்கான புதிய விண்ணப்பங்களில், இருந்ததைவிட 10 சதவீதம் கூடுதல் பல்லுயிர் மதிப்பைக் காட்ட வேண்டும். அதற்காகக் கணக்கில் காட்டும் முக்கியமான வாழிட மேம்பாட்டை 30 ஆண்டுகள் பேண வேண்டும். அதற்கு முன் அனுமதி வாங்கிய குழிகளை இது தொடாது.

உங்கள் வீட்டருகே குவாரி இருந்தால் கவுன்சிலின் திட்ட அனுமதிப் பதிவேட்டில் கோப்பைப் பார்க்கலாம். பெரும்பாலும் இணையத்திலேயே இருக்கும். அனுமதிக் கடிதத்தில் உள்ள நிபந்தனைகளையும் சீரமைப்பு வரைபடத்தையும் தேடுங்கள். சொன்னபடி நடக்கவில்லை என்றால் கவுன்சிலின் அமலாக்கப் பிரிவுக்கு நிபந்தனை எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஒன்று, ஏரியாகிவிட்டது என்பதற்காக உள்ளே நடக்க உரிமை வந்துவிடாது. பொதுப்பாதை இருக்கிறதா என்பதைக் கவுன்சில் வைத்திருக்கும் அதிகாரப்பூர்வப் பொதுப்பாதை வரைபடத்தில் பார்க்க வேண்டும்.