சா மில் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்: உரிமம், மானியக் கடன், சாலையில் இழுக்கும் விதி

மரம் அறுக்கும் சா மில் மெஷின் வந்து இறங்கிய பிறகுதான் வனத்துறை உரிமம் என்று ஒன்று இருப்பதையே கேள்விப்படுகிறவர்கள் குமரி மாவட்டத்தில் குறைவில்லை. அதற்குள் வங்கித் தவணை ஓட ஆரம்பித்திருக்கும். மெஷினுக்கு சீல் விழுந்திருக்கும். விற்ற ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும் "லைசென்ஸ் உங்க பொறுப்பு சார்" என்பார். சட்டப்படி அவர் சொல்வது சரிதான், அதுதான் வயிற்றெரிச்சல்.

பின்னணி சுருக்கமாக. காடுகளைக் காக்கத் தொடரப்பட்ட கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலிருந்து மர மில்களுக்குக் கடிவாளம் போட்டது. 2002 அக்டோபர் உத்தரவுக்குப் பிறகு, நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழு சம்மதிக்காமல் புதிய மில் திறக்க முடியாது என்றானது. பின்னர் அந்த அதிகாரம் மாநில அளவிலான குழுக்களுக்கு வந்தது. அதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு 2016 நவம்பரில் வெளியிட்டு, 2017ல் திருத்தியது. தமிழ்நாட்டுக்கு 2010ஆம் ஆண்டின் மரம் சார்ந்த தொழிற்சாலைகள் ஒழுங்குமுறை விதிகளும் உண்டு. நடைமுறையில் இதன் பொருள்: உரிமத்தில் கையெழுத்திடுவது நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட வன அலுவலர், ஆனால் மாநிலக் குழு ஒப்பாமல் அவர் பேனாவை எடுக்க முடியாது.

"இது சின்ன மெஷின், சக்கரம் வச்சது, போர்ட்டபிள், இதுக்கு லைசென்ஸ் வேண்டாம்." விற்கிறவர்கள் அதிகம் சொல்லும் பொய் இதுதான். மின்சாரத்தாலோ இன்ஜினாலோ மரத்தை அறுக்கும் இயந்திரமும், அது நிற்கும் இடமும் சேர்ந்ததுதான் விதியில் சா மில். எத்தனை குதிரைத்திறன், சக்கரம் உண்டா இல்லையா, மரம் யாருடையது என்ற கேள்விகள் அந்த வரையறையில் இல்லை. சொந்தத் தோட்டத்து ரப்பர் தடியாக இருந்தாலும் அதே கதைதான். இடமும் வரையறைக்குள் வருவதால், உரிமம் ஓர் இடத்துக்குத்தான். இன்று அருமனையில் ஒரு தோட்டம், நாளை மேல்புறத்தில் இன்னொரு தோட்டம் என்று இழுத்துக்கொண்டு போய்க் கூலிக்கு அறுப்பதற்கு ஒரே உரிமம் என்ற பேச்சே கிடையாது. இழுத்துப் போகும் வசதிக்காகக் கூடுதல் விலை கொடுக்கும் முன் இதை யோசித்துவிடுங்கள்.

உரிமம் தேவைப்படாத வேலையும் உண்டு. ஏற்கெனவே அறுத்த பலகையை வாங்கி, பேண்ட் சாவோ (இரண்டு வீலில் சுற்றி ஓடும் பட்டை ரம்பம்) ரீ-சாவோ (அறுத்த பலகையை மீண்டும் மெல்லியதாக அறுக்கும் மெஷின்) இல்லாமல், 30 சென்டிமீட்டருக்கு மேல் போகாத வட்ட ரம்பம் வைத்துக் கதவு, ஜன்னல், கட்டில் செய்யும் பட்டறை அதில் வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடையில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் 12 அங்குல பிளேடு 30.48 சென்டிமீட்டர். அரை சென்டிமீட்டருக்காக யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், புகார் வந்தால் டேப் வைத்துத்தான் அளப்பார்கள். 10 அங்குல பிளேடு 25.4 சென்டிமீட்டர், வம்பே இல்லை.

குமரி மாவட்டக்காரர்களை மொத்தமாக அடிக்கும் விதி தூரம். அறிவிக்கப்பட்ட காடு அல்லது சரணாலய எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய உரிமம் கிடையாது. இது வான் தூரம். தரகர் "ரோட்டில் 14 கிலோமீட்டர்" என்று காட்டுவார். வளைந்து வளைந்து போகும் நம்மூர் ரோட்டில் 14 என்றால் நேர்கோட்டில் ஏழெட்டுதான் வரும். குலசேகரம், திருவட்டாறு, கடையாலுமூடு, பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழி பக்கமெல்லாம் மலை கண்ணுக்கு முன்னால் நிற்பதால் சந்தேகமே வராது. ஏமாறுவது தக்கலை, நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். தூரத்து மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்து அளப்பார்கள், பக்கத்திலேயே நிற்கும் வேளிமலைக் காட்டை மறந்துவிடுவார்கள். போன் மேப்பில் 'தூரம் அள' என்பதை அழுத்தி, இடத்திலிருந்து மிக அருகில் உள்ள காப்புக்காட்டு எல்லை வரை நேர்கோடு போட்டுப் பாருங்கள். ஒன்பதரை, பத்தரை என்று விளிம்பில் வந்தால் உங்கள் அளவை நம்பி இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சர்வே எண் குறிப்பிட்டு, தூரத்தை எழுத்தில் தரச் சொல்லி மாவட்ட வன அலுவலருக்கு மனு கொடுங்கள். கோணம் போன்ற தொழிற்பேட்டைக்குள் இடம் கிடைத்தால் தூரக் கட்டுப்பாட்டில் தளர்வு கேட்க வழி உண்டு, அதற்கும் பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். ரேஞ்சர் ஆபீஸில் வாய்வார்த்தையாக "பார்த்துக்கலாம்" என்றால் அது பதில் இல்லை.

பழைய மில்லை வாங்குவது பலருக்கு நடைமுறையில் எளிது. ஆனால் பத்திரம் எழுதினால் உரிமமும் கூடவே வந்துவிடாது, பெயர் மாற்றத்துக்குத் தனி உத்தரவு வேண்டும். அட்வான்ஸுக்கு முன் அசல் உரிமத்தைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டியது இரண்டு. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்? அதில் எத்தனை பேண்ட் சா எழுதியிருக்கிறது? உரிமத்தில் ஒன்று, ஷெட்டில் இரண்டு ஓடுகிறது என்றால் இரண்டாவது சட்டவிரோதம். அந்தத் தலைவலிக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

இனி அலுவலக வட்டம். வங்கி, உரிமத்தைக் கொண்டுவா என்கிறது. வனத்துறை, மெஷின் விவரமும் இட ஆவணமும் கேட்கிறது. மின்வாரியம் உள்ளாட்சி அனுமதி கேட்கிறது. ஊராட்சியில் போனால், வனத்துறை ஆட்சேபம் இல்லை என்று வாங்கி வா என்கிறார்கள். நான்கு ஆபீஸும் அடுத்தவரைக் கைகாட்டும். வட்டத்தை உடைக்க, யாரையும் நம்பாமல் கிடைக்கும் காகிதத்தில் தொடங்க வேண்டும்: பட்டா அல்லது பதிவு செய்த குத்தகைப் பத்திரம், புல வரைபடம், மெஷின் கொட்டேஷன். வனத்துறைக்கு மெஷின் மாடல், வீல் அளவு, மோட்டார் திறன் எழுதிய கொட்டேஷனைக் கொடுங்கள், பில்லைக் கொடுக்காதீர்கள். பில் கேட்கிறார்கள் என்று அவசரப்பட்டு மெஷினை வாங்கியவர்கள்தான் மாட்டியிருக்கிறார்கள். எந்த மனுவானாலும் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். பதில் வராமல் இழுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, "என் மனு இன்று எந்த மேஜையில், எந்தத் தேதியிலிருந்து" என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் தட்டிக்கழிப்பார்கள், மேஜையையும் தேதியையும் கேட்டால் கோப்பு நகரும்.

மானியத்துக்கு வருவோம். பெரும்பாலோர் போவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துக்கு, அதாவது பி.எம்.இ.ஜி.பி.க்கு. மாவட்டத் தொழில் மையம் கோணத்தில் இருக்கிறது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு. கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம் மானியம், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., சிறுபான்மையினர் போன்ற சிறப்புப் பிரிவுக்கு 35. நகரத்தில் இது 15, 25. சொந்தப் பணம் 10 சதவீதம், சிறப்புப் பிரிவுக்கு 5. திட்டம் 10 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று வேண்டும். இடத்தின் விலை கணக்கில் சேராது.

விளம்பரத்தில் சொல்லாதவை இனிமேல்தான். புதிய யூனிட்டுக்கு மட்டுமே இந்தத் திட்டம். கடன் வருவதற்குள் மெஷினை இறக்கி நாலு தடி அறுத்துக் கூலி வாங்கிவிட்டால் அது 'ஏற்கெனவே இயங்கும் யூனிட்', விண்ணப்பம் அங்கேயே செத்துப்போகும். கணவன் வாங்கியிருந்தால் மனைவிக்குக் கிடையாது, மனைவி வாங்கியிருந்தால் கணவனுக்குக் கிடையாது. ஜி.எஸ்.டி. பில் இல்லாத பழைய மெஷினை வங்கி தொடாது. மானியம் உங்கள் கைக்கும் வராது. உங்கள் பெயரில் மூன்று வருடம் டெபாசிட்டாகக் கிடக்கும். யூனிட் ஓடுகிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். அந்த மூன்று வருடத்துக்குள் உரிமம் இல்லை என்று மில் மூடப்பட்டால் மானியம் திரும்பிப் போகும், கடன் முழுவதும் உங்கள் தலையில். அதனால் வங்கி உரிமம் கேட்கவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம். சில மேலாளர்கள் கேட்பதில்லை, அவர்களுக்கு ஈடு இருக்கிறது.

மின்சாரத்தில் ஒரே எச்சரிக்கை. வீட்டு இணைப்பிலோ விவசாய இலவச இணைப்பிலோ மில் மோட்டாரைக் கோத்தால் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவு பாயும். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிட்டு, கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடுவார்கள்.

அடுத்தது ரோடு. டிராக்டரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுப்பது எதுவானாலும் மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லர், டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பதிவு இல்லாமல் ரோட்டுக்கு வரக் கூடாது. பழைய ஜீப் ஆக்சிலை வாங்கி வெல்டிங் பட்டறையில் சேஸிஸ் அடித்து, அதன் மேல் பேண்ட் சாவை போல்ட் போட்டு நிறுத்துவது நம் பக்கம் சாதாரணம். அதைப் பதிவு செய்ய வழியில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 20 விண்ணப்பத்தோடு, விற்றவரின் படிவம் 21ம், தயாரித்தவரின் படிவம் 22ம் கேட்பார்கள். வெல்டிங் பட்டறையில் அது கிடைக்காது. ஆகவே டிரெய்லரை டைப் அப்ரூவல், அதாவது அந்த மாடலுக்கு முறையான ஒப்புதல் சான்று, உள்ள தயாரிப்பாளரிடம் தனியாக வாங்குங்கள். அட்வான்ஸுக்கு முன் அந்தச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். "பிறகு தர்றோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நாகர்கோவில் எல்லைக்கு டி.என். 74, மார்த்தாண்டத்துக்கு டி.என். 75. எந்த ஆபீஸ் என்பதை உங்கள் முகவரி தீர்மானிக்கும், ஏஜென்டின் வசதி இல்லை.

பதிவாகாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000. இவை சின்னத் தொகை. பெரிய அடி விவசாயப் பதிவில் உள்ள டிராக்டரில் விழும். விவசாயத்துக்கென்று வரிச்சலுகையோடு பதிவான டிராக்டரில் கூலிக்கு மில்லை இழுத்தால் பெர்மிட் மீறல், 192ஏ பிரிவில் 10,000 ரூபாய். அந்த ஓட்டத்தில் யார் மீதாவது மோதிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவப் பார்க்கும், இழப்பீடு உங்கள் வீட்டுக்கு வரும். பாலிசியில் டிரெய்லரின் எண்ணும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் டிரெய்லரின் சொந்த எண், பின்னால் இழுக்கும் டிராக்டரின் எண், இரண்டும் எழுதியிருக்க வேண்டும். 61ஆம் பிரிவு இது. பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். ஹெவி லைசென்ஸ் வேண்டும் என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். வெற்று எடை 7,500 கிலோவைத் தாண்டாத டிராக்டர் இலகு ரக வாகனத்தில் (எல்.எம்.வி.) சேரும். எல்.எம்.வி. உரிமம் பற்றிய பழைய குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்த்துவிட்டது.

ஜீப்பின் பின்னால் கொக்கி வெல்டிங் செய்து இழுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஆர்.சி.யில் ஏறாத மாற்றம் 52ஆம் பிரிவுக்கு விரோதம்.

ஒரே ஒரு முறை, கடையிலிருந்து ஷெட்டுக்கு என்றால் இத்தனையும் தேவையில்லை, லாரி பிடியுங்கள். மெஷின் அப்போது வெறும் சரக்கு. கேரளத்திலிருந்து களியக்காவிளை வழியாக வந்தால் மெஷின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சரக்குச் சீட்டான இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல். பில்லில் உள்ள வண்டி எண்ணும் வந்து நிற்கும் வண்டியும் ஒன்றா என்று ஏற்றும்போதே பாருங்கள். வண்டி மாறிப்போனால் பில்லில் மாற்றாமல் கிளம்ப விடாதீர்கள்.

லாரியில் தவறு நடப்பது மெஷினின் தண்டவாளத்தில். அறுக்கும் தலை ஓடும் அந்த ரயில் 20 அடி இருக்கும், லாரி பாடி 14 அடி. வெளியே நீட்டிக்கொண்டு போனால் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய். போல்ட்டைக் கழற்றி ரயிலை இரண்டு துண்டாக ஏற்றச் சொல்லுங்கள். விற்கிறவர் "அலைன்மென்ட் போயிடும்" என்பார். போகும்தான், ஷெட்டில் லெவல் வைத்துத் திரும்பக் கட்டித் தருவது அவர் வேலை என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். பிளேடைக் கழற்றி, டென்ஷனைத் தளர்த்திவிட்டு ஏற்றுங்கள். இறுக்கமாகவே விட்டால் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு குலுக்கலும் வீல் பேரிங்கில்தான் இறங்கும். அறுக்கும் தலைப் பகுதியை ரயிலின் ஒரு முனைக்குத் தள்ளி, கயிற்றில் இல்லாமல் சங்கிலியில் பூட்டுங்கள்.

பதிவான ஒற்றை ஆக்சில் டிரெய்லரில் இழுக்கிறவர்கள் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கும்படி மெஷினை முன்னால் தள்ளி வையுங்கள். பின்னால் எடை கூடினால் பேச்சிப்பாறை ரோட்டு இறக்கத்தில் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும், அப்போது பிரேக் மிதித்தால் ஆட்டம் கூடும். எடை மேடையில் ஒரு தடவை முழுதாகவும், கொக்கிக் காலை மட்டும் ஏற்றி ஒரு தடவையும் எடுத்தால் கணக்கு தெரிந்துவிடும். அந்த இரண்டு சீட்டையும் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகலோடு வண்டியிலேயே வைத்திருங்கள்.