ராயல்டி: அரசன் பங்கா, உழுதவன் பங்கா?

கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு டீக்கடை. 2023 மே மாதம், வெயில் ஏறுவதற்கு முன்னால். எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று வெளியே நின்றது. அதன் ஓட்டுநர் போனில் யாரிடமோ, "ராயல்டியெல்லாம் கட்டியாச்சுங்க, நடைச்சீட்டு கையிலயே இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெஞ்சில் என் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ‘ராயல்டி கேட்டு ஹாலிவுட் கதாசிரியர்கள் வேலைநிறுத்தம்’ என்று ஒரு தலைப்பு. தலையைத் தூக்கி லாரியைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, அவரு கட்டறதும் ராயல்டி, இவங்க கேக்கறதும் ராயல்டியா? கதை எழுதறவனுக்கும் பாறைக்குழிக்கும் என்ன சம்பந்தம்?"

அந்தத் தலைப்பை எழுதியது நான்தான். முந்தின ராத்திரி, பக்கம் முடிக்கிற அவசரத்தில். அதை அவரிடம் சொல்லவில்லை. "சம்பந்தம் இருக்குதுங்க மாமா" என்று மட்டும் சொன்னேன். அப்போது அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

ராயல்டி என்ற சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பவர் ராஜா. லத்தீனில் அரசனுக்கு ரெக்ஸ் என்று பெயர். நம் ஊர் ராஜாவும் அந்த ரெக்ஸும் தூரத்துச் சொந்தக்காரர்கள். லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ராயல்டி என்றால் அரசத்தன்மை, அரசனுக்கே உரிய உரிமை என்றுதான் பொருள். இங்கிலாந்தில் மண்ணுக்கடியில் கிடக்கும் பொன்னும் வெள்ளியும் அரசருக்குச் சொந்தம். தோண்ட வேண்டுமானால் அவரிடம் அனுமதி வாங்கி, எடுப்பதில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். அந்தப் பங்குக்கே பிறகு ராயல்டி என்று பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் சுரங்கம் தோண்டியவர் நிலத்துக்காரருக்குக் கொடுத்த பணத்தையும் அப்படியே அழைத்தார்கள். அந்த நூற்றாண்டின் நடுவில்தான் சொல் புத்தகத்துக்குத் தாவுகிறது. பதிப்பாளர் அச்சடித்து விற்கிறார், ஆசிரியருக்கு ஒரு பங்கு தருகிறார். சுரங்கத்துக்கு நிலத்துக்காரர் எப்படியோ, புத்தகத்துக்கு ஆசிரியர் அப்படி. சொத்து அவருடையது, தோண்டுகிறவர் வேறு ஆள்.

ஆகவே டிப்பர் ஓட்டுநர்தான் சொல்லை அதன் பழைய பொருளில் சுத்தமாகப் பயன்படுத்துகிறார். கரூர், நாமக்கல், திருப்பூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளில் இது அன்றாடப் பேச்சு. சட்டப்படி பார்த்தால் ஜல்லி, கிராவல் போன்ற சிறு கனிமங்களுக்குத் தமிழ்நாட்டின் 1959 விதிகள் சொல்லும் பெயர் ‘சீனியரேஜ்’. அதன் அடியில் இருப்பது பிரெஞ்சுச் சொல்லான செஞ்ஞோர், அதாவது நிலக்கிழார், எங்கள் ஊர்ப் பேச்சில் பண்ணாடி. ராஜா போய்ப் பண்ணாடி வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ராயல்டி வரியா இல்லையா என்று உச்ச நீதிமன்றத்திலேயே பெரிய வழக்கு நடந்தது. 1989இல் தமிழ்நாடு அரசுக்கும் ஒரு சிமெண்ட் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், ராயல்டியும் ஒரு வரிதான் என்று தீர்ப்பு வந்தது. 2024 ஜூலை 25 அன்று 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, 8 பேர் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாக, அதை மாற்றி எழுதியது. ராயல்டி வரி அல்ல, கனிமத்தை எடுத்து அனுபவிக்கும் உரிமைக்காகக் குத்தகைதாரர் உரிமையாளருக்குத் தரும் ஒப்பந்த ஈடு என்றது. அதாவது குத்தகை. இதைத் தோட்டத்து வரப்பில் வைத்துக் கேட்டிருந்தால் 35 வருடம் ஆகியிருக்காது.

தமிழில் அரசனையும் அவனுக்குச் சேர வேண்டியதையும் ஒரே சொல் குறிக்கும். இறை என்றால் அரசன், இறை என்றால் வரி, இறை என்றால் கடவுள். வரி நீக்கிக் கோயிலுக்குக் கொடுத்த நிலம் கல்வெட்டுகளில் இறையிலி. ராயல்டிக்கு அதன் பிறப்புப் பொருளில் இதைவிட நெருக்கமான தமிழ் இல்லை. ஆனால் ‘இறை கேட்டு எழுத்தாளர்கள் போராட்டம்’ என்று போட்டால் பக்தி மலர்ப் பக்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

சரி, ஹாலிவுட்டுக்கு வருவோம். அங்கேதான் என் தலைப்பு தப்பானது. அந்தக் கதாசிரியர்கள் கேட்டது ராயல்டி அல்ல, ரெசிடுவல்; எழுதியது மறுபடி ஓடும்போது வரும் பங்கு. நாம் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

அமெரிக்கச் சட்டப்படி, ஸ்டுடியோவின் ஒப்பந்தத்தில் எழுதிய திரைக்கதை கூலிக்குச் செய்த வேலை. சில தனி உரிமைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், சட்டத்தின் கண்ணில் ஆசிரியரே ஸ்டுடியோதான். சோமனூர், பல்லடம் பக்கம் இதை விளக்கவே வேண்டாம். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பது. தறி விசைத்தறிக்காரருடையது, கரண்டு பில் அவருடையது, ராத்திரி கண்விழிப்பும் அவருடையது. துணி மட்டும் அவருடையது அல்ல. அவருக்கு வருவது கூலி. அந்தத் துணி எந்தக் கடையில், என்ன விலைக்கு, எத்தனை கை மாறி விற்றாலும் நெய்தவர் வீட்டுக்கு ஒரு பைசா கூடுதலாக வராது. அதனால்தான் கூலி உயர்வு ஒப்பந்தம் இழுபறியானால் தறியை நிறுத்துகிறார்கள்.

ரெசிடுவல் என்பது, துணி இரண்டாம் தரம் விற்கும்போது நெய்தவருக்கும் ஒரு பங்கு கொடு என்று சங்கம் பேசி வாங்கியது. சொத்துரிமையால் வருவது ராயல்டி, சங்கத்தின் ஒப்பந்தத்தால் வருவது ரெசிடுவல். சொத்து கையில் இல்லாதவனுக்குப் பேரம் ஒன்றுதான் வழி. பேரம் படியவில்லை என்றால் பேனாவைக் கீழே வைக்க வேண்டும்.

அதனால்தான் அங்கே புதிதாக ஒரு பெட்டி வரும்போதெல்லாம் சண்டை வருகிறது. திரையரங்குக்கு எடுத்த படம் டிவியில் ஓட ஆரம்பித்ததும், 1960இல் ஜனவரி நடுவிலிருந்து ஜூன் வரை நிறுத்தினார்கள். 1988இல் ஐந்து மாதம். 2007 நவம்பர் 5இல் தொடங்கிய நிறுத்தம் 100 நாள் ஓடியது. அப்போது ஒரு டிவிடி விற்றால் எழுதியவருக்குப் போனது சுமார் 4 சென்ட். அதை உயர்த்தக் கேட்டது நடக்கவில்லை. ஆனால் இணையத்தில் ஓடுவதற்கும் பங்கு உண்டு என்று அன்றைக்கே எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த வரியை வைத்துத்தான் 2023இல் பேச முடிந்தது. மே 2 தொடங்கி 148 நாள், சுமார் 11,500 பேர். நடிகர்களும் ஜூலை நடுவில் சேர்ந்துகொண்டார்கள். ஓடிடியில் ஒரு தொடரை எத்தனை பேர் பார்த்தாலும் எழுதியவருக்கு மாறாத ஒரே தொகை, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கையும் காட்டமாட்டோம் என்பதுதான் தகராறின் மையம். ஒப்பந்தத்தில் அது கொஞ்சம் இளகியது. முதல் 90 நாளில் அமெரிக்கச் சந்தாதாரர்களில் 20 சதவீதம் பேருக்குச் சமமான பார்வை கிடைத்தால், அந்தத் தொகையில் பாதி கூடுதலாக வரும். இயந்திர நுண்ணறிவை எழுத்தாளர் என்று பெயர் போட முடியாது என்பதும் அதே ஒப்பந்தத்தில்தான்.

ரெசிடுவல் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் மிச்சம், எச்சம். ‘எச்சத்தொகை’ என்று யாரோ மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்தேன். எச்சில் இலை ஞாபகம் வருகிறது. அது வேண்டாம்.

மாமாவுக்கு நான் விளக்கம் சொன்னது அடுத்த வாரம், அவருடைய கரும்புக் காட்டில். கோ 86032 ரகம். (‘கோ’ என்றாலும் தமிழில் அரசன்தான். இது கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கோ. ராஜா விடமாட்டேன் என்கிறார்.) நடவுக் கரும்பு வெட்டி முடிந்திருந்தது. இரண்டு ஆள் கட்டை சீவிக்கொண்டு போனார்கள். மண்ணோடு மண்ணாக அடிக்கட்டையைச் சீவினால்தான் கீழ்ப்பருவிலிருந்து புதுத் தூர் கிளம்பும். கரணை வாங்க வேண்டாம், மறுபடி நட வேண்டாம். உரமும் தண்ணியும் போதும். இதற்குக் கட்டைக் கரும்பு என்று பெயர், வேளாண் துறைக் கையேடுகளில் மறுதாம்பு.

"மாமா, அந்த ஊர்க்காரங்க கேக்கறது இதத்தானுங்க. ஒருக்கா எழுதுனது மறுக்கா தழையுதில்லீங்க, அதுல பங்கு."

அவர் ஒரு கட்டையைக் காலால் தட்டினார். "தழைச்சுக்கிட்டேவா இருக்கும்? ரெண்டாங் கட்டைக்கே வெளைச்சல் கொறையும். மூணாங் கட்டை செலவுக்குத்தான் சரியாப் போகும்."

அங்கேயும் அப்படித்தான். டிவியில் மறு ஒளிபரப்பு ஆக ஆக ரெசிடுவல் வீதம் படிப்படியாக இறங்கும். நான் தேடிப்போகாமலே உவமை பொருந்தி வந்தது. ஒரு இடத்தில் மட்டும் இடறியது. கட்டை மாமாவின் காட்டில் இருக்கிறது. எழுத்தாளருக்குக் காடே இல்லை.

காடு இல்லாமல் பயிர் செய்கிறவருக்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. வாரம். "காட்டை வாரத்துக்கு உட்டிருக்குதுங்க" என்றால் விளைச்சலைப் பங்கு பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. பழைய வருவாய்க் கணக்கில் இதையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அரசனுக்கோ அவன் இடத்தில் இருப்பவனுக்கோ போகும் பங்கு மேல்வாரம், உழுதவனுக்கு நிற்கும் பங்கு குடிவாரம். ஆங்கிலத்தில் ராயல்டி ஒன்றே மேலிருந்து கீழே எல்லாருக்கும் போய்ச் சேர, தமிழ் களத்துமேட்டிலேயே மேல்வாரம் வேறு, குடிவாரம் வேறு என்று பிரித்துவிட்டது. குவாரிக்காரர் கட்டுவது மேல்வாரம். ஹாலிவுட்காரர் கேட்டது குடிவாரம். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ‘வாரம் கேட்டு 148 நாள்’ என்று எழுதியும் பார்த்தேன். பக்கத்து மேசைப் பெண், "எந்த வாரம் சார், போன வாரமா?" என்றார். கிழமைக் கணக்கு வாரம் வடமொழியிலிருந்து வந்து இந்த வாரத்தை விழுங்கிவிட்டது. ஊரில் மட்டும் பிழைத்திருக்கிறது.

இந்தியாவின் நிலைமை இன்னும் விசித்திரம். இங்கே இப்போதைய சட்டம் தாராளமானது. முன்பு அப்படி இல்லை. 1977இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் காசு கொடுத்து எழுதி வாங்கியது வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் தயாரிப்பாளருக்கே என்றது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் வருடக்கணக்காகக் குரல் கொடுத்தபின், 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டுக்கும், படத்துக்கு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமப் பங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவே முடியாது. கொடுத்தாலும் செல்லாது. காகிதத்தில் ஹாலிவுட்காரர்களே பொறாமைப்படுவார்கள். ஆனால் வசூலித்துக் கையில் கொடுக்க ஆள் வேண்டுமே. பாட்டுக்கு அந்த அமைப்பு இருக்கிறது, பாடலாசிரியருக்கு ஏதோ வருகிறது. வசனகர்த்தாவுக்கு இன்னும் அட்வான்ஸ், பாக்கி, செட்டில்மெண்ட் என்ற மூன்று சொல்லில் கதை முடிந்துவிடுகிறது.

பழக்கம் அப்படி. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவை சென்ட்ரல், பட்சிராஜா ஸ்டுடியோக்கள் ஓடிய காலத்தில் கம்பெனி என்றால் கம்பெனிதான். எழுதுகிறவரும் அதில் ஒரு ஊழியர். கோவை இராமநாதபுரத்துக்காரரான சாண்டோ சின்னப்பா தேவரின் படங்களில் ‘கதை இலாகா’ என்று போடுவார்கள். இலாகா என்றால் துறை. துறைக்கு எப்படிப் பங்கு கொடுப்பது? பத்திரிகைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கதைக்குத் தருவதைச் சன்மானம் என்றார்கள். சன்மானம் மரியாதைக்காகத் தருவது. வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளலாம், வரவில்லை என்றால் கேட்க முடியாது. என் முதல் மொழிபெயர்ப்புப் புத்தகத்துக்கு ராயல்டி கேட்டபோது, அந்தப் பதிப்பாளர் மிகுந்த அன்போடு பத்துப் பிரதிகளைக் கட்டிக் கொடுத்தார். ஆறு இன்னும் பரண் மேல் இருக்கின்றன.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். புத்தக ராயல்டிக்கு உரிமத்தொகை என்பது கிட்டத்தட்ட நிலைத்துவிட்டது. உரிமம் கொடுப்பதற்கான தொகை என்ற பொருள் பொருந்தும். குவாரிக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். உரிமைத்தொகை என்று ஐகாரம் போட்டு எழுதுகிறவர்களும் உண்டு. இலக்கணப்படி அதில் தப்பு இல்லை. ஆனால் 2023 செப்டம்பர் 15க்குப் பிறகு அந்தச் சொல் கைமாறிவிட்டது. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை தொடங்கிய நாள் அது. ஹாலிவுட் நிறுத்தம் முடிந்ததும் அதே மாதம் 27ஆம் தேதி. இப்போது எங்கள் வீதியில் "உரிமைத்தொகை வந்துருச்சுங்களா?" என்றால் யாரும் எழுத்தாளரைப் பற்றிப் பேசவில்லை. காப்புரிமைத் தொகை என்பதும் குழப்பும். காப்புரிமை என்றதும் கண்டுபிடிப்புக்கான பேட்டண்ட் நினைவுக்கு வருகிறது, எழுத்துக்கு உரியது பதிப்புரிமை.

ரெசிடுவலுக்குத்தான் நிலைத்த சொல் இல்லை. மறுதாம்புப் பங்கு என்று எழுத ஆசை. கரும்பு பார்க்காதவருக்கு அடிக்குறிப்புப் போட வேண்டியிருக்கும். அதனால் மறுபயன் பங்கு என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். மறுபடி பயன்படுத்தினால் வருவது என்பது சொல்லிலேயே தெரிகிறது. தொகை என்று போடாமல் பங்கு என்று போட்டது தெரிந்தேதான். தொகையை ஒரு தரம் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம்.

‘மறுபயன் பங்கு கேட்டு ஹாலிவுட் கதாசிரியர்கள் வேலைநிறுத்தம்.’ அன்றைய ஒற்றைப் பத்தியில் இந்தத் தலைப்பு அடங்காது. ‘பங்கு கேட்டு’ என்று மட்டும் போட்டிருந்தால் அடங்கியிருக்கும், மாமாவும் லாரியைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்.